திசையறிதலும் முனைவாக்கமும்: திருகோணமலையிலிருந்து ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகம் பற்றிய ஆய்வுகளில் அதன் ஆழமும் எண்ணெய்க் குதங்களுமே முன்னிற்கின்றன. அதன் வான்வெளி அத்துணை கவனிக்கப்படவில்லை. 1987 யூலை 29 இல் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலே, துறைமுகம், குதங்கள் ஆகியவற்றுடன், அந்நிய ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படலாகாது என்பதும் இடம்பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. அக்காலத்தில் மேற்கு ஜேர்மனியின் வானொலி அஞ்சல் நிலையம் திருகோணமலையில் இயங்கியது. 2013 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தைச் சேர்ந்தது. ஒலிபரப்பு நிலையத்தின்மீது ஐயம் எழுவானேன்? அலையை அனுப்பும் அன்ரனா அதனை ஏற்கவும் வல்லது என்பதே விடை. வெளியே நின்று கம்பங்களைப் பார்ப்பவர் அவை பேசுகின்றனவா, கேட்கின்றனவா எனக் கூறவியலாது.

கேட்டல் எவ்வாறு திசையறிதலாகிறது? 10 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் 30 மீற்றர். 15 மீற்றர் இடைவெளியில் இரு அன்ரனாக்களை நாட்டுவோம். அவற்றை இணைக்கும் கோட்டின் செங்குத்திலிருந்து 30 பாகை விலகிக் கிடையாக வரும் அலை, ஒன்றை அடைந்தபின் மற்றதை அடைய 7.5 மீற்றர் மேலதிகமாகச் செல்லவேண்டும். அது அலைநீளத்தின் காற்பங்கு. எனவே அவத்தை வித்தியாசம் 90 பாகை. வித்தியாசத்தை அளந்தால் திசை பெறப்படும். ஆயின் அலை முன்னிருந்து வந்ததா, பின்னிருந்து வந்ததா என்பதை இரண்டு மட்டும் கூறா. ஆதலாற் பல அன்ரனாக்கள் அணியாக அமைக்கப்படுகின்றன.

இனி முனைவாக்கம். அலையின் மின்புலம் எவ்வாறு அதிர்கின்றது என்பதையே இச்சொல் குறிக்கும். அயன் மண்டலத்தினின்று மீளும் சிற்றலையைப் புவியின் காந்தப்புலம் திரித்துவிடுகிறது. பழைய வளைய அன்ரனாக்கள் இரவிற் பொய்த்திசை காட்டியமை இதனாலேயே. 1919 இல் பிரித்தானியரான அட்கொக், நிலைக்குத்துக் கூறை மட்டும் ஏற்கும் கம்ப அமைப்பொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பிழை குறைந்தது, கிடைக்கூறு தந்திருக்கக்கூடிய செய்தியும் கைவிடப்பட்டது. இன்று ஒவ்வோரிடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு அன்ரனாக்களை வைத்து, அவற்றின் வீச்ச விகிதத்தையும் அவத்தை வித்தியாசத்தையும் கொண்டு முனைவாக்கமும் கணிக்கப்படுகிறது.

1980களில் ஸ்ரான்போர்ட்டிலே றோய், போல்ராஜ், கைலாத் ஆகியோர் வகுத்த எஸ்பிறிற் முறை இங்கு குறிப்பிடத்தக்கது. முந்திய முறைகள் ஒவ்வோர் அன்ரனாவின் இயல்பையும் முன்னரே அளந்து, எல்லாத் திசைகளிலும் தேடவேண்டியிருந்தன. எஸ்பிறிற்றுக்கோ ஒரேமாதிரியான இரு அணிகளும் அவற்றிடையேயான பெயர்ச்சியும் போதும். தேடலின்றியே திசை கிடைக்கும். 1991 இல் லீயும் கொம்ப்ரனும் இதனை முனைவாக்கத்துக்கும் விரித்தனர். ஆரோக்கியசாமி போல்ராஜ் பொள்ளாச்சியிற் பிறந்தவர். இந்தியக் கடற்படைக்கு நீரடி ஒலியுணர் கருவியை ஆக்கியவர். அலை ஒலியாயினும் வானொலியாயினும் கணிதம் ஒன்றே. அதனை ஊட்டி வளர்த்தது பெரிதும் போர்த்தேவையே என்பதை மறைப்பதற்கில்லை.

அக்கணிதம் இன்று எவரும் படிக்கக்கூடிய ஏடுகளில் உள்ளது. எனினும் மேற்கூறிய இடைவெளியில் எட்டுக் கம்பங்களை வரிசையாக நாட்ட 105 மீற்றர் நிலம் வேண்டும்.