கினிப்பன்றிக்கு நோய் முற்றினால்

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பிராணிக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவழித்து வைத்தியம் பார்ப்பது புத்திசாலித்தனமா என்ற கேள்வி, கினிப்பன்றி வளர்க்கும் வீடுகளில் என்றாவது ஒரு நாள், பெரும்பாலும் எந்த மருத்துவமனையும் திறந்திராத ஞாயிற்றுக்கிழமை இரவில், எழுந்தே தீரும். அப்படிக் கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று ஏசுவதில் பிரயோஜனமில்லை. குடும்பத்தின் வரவு செலவைத் தாங்குகிறவருக்கு அது நியாயமான கேள்வியே. ஆனால் அது முதற் கேள்வியன்று. பிராணிக்கு வந்திருப்பது என்ன நோய், அது தீரக்கூடியதா, தீரும் வரையில் வலியைத் தணிக்க வழியுண்டா என்னும் மூன்றுக்கும் விடை கிடைத்த பிற்பாடே பணத்தைப் பற்றிய யோசனைக்கு இடமுண்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வதனால்தான் சுலபமாகப் பிழைக்கக்கூடிய பிராணிகள் பல வீணே மாள்கின்றன. பிழைக்க வழியில்லாதவை பல, ஆசையின் பேரால் வீணே வதைபடுகின்றன.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதரோடு பழகிவிட்ட பிராணியாயினும், பிற மிருகங்களுக்கு இரையாகும் ஜாதியாகையால், தன் நோயைக் கடைசி வரையில் மறைப்பதே அதன் சுபாவம். நாய் நொண்டினால் கண்டுகொள்கிறோம், பூனை முனகினால் கேட்கிறோம். கினிப்பன்றியோ, மூலையில் உரோமம் சிலிர்த்துக் குன்றி உட்கார்ந்திருப்பதை வீட்டார் கவனிக்கும்போது, நோய் கண்டு பல நாட்கள் ஆகியிருக்கும். ஆகவே அதன் உடல்நிலையைக் கண்ணால் மதிப்பிடுவதைவிடச் சமையலறைத் தராசினால் மதிப்பிடுவது மேல். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வருகிற வீட்டில், 950 கிராம் இருந்தது 850 கிராமாகிவிட்ட செய்தி, வேறெந்த அறிகுறிக்கும் முன்பே வந்து எச்சரிக்கும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவரிடம் போவது அவசியம்.

எடையைக் காட்டிலும் அவசரமானது தீனி. கினிப்பன்றியின் குடல் ஓயாமல் நாருணவை அரைத்துக்கொண்டே இருக்க வேண்டிய அமைப்பு உடையது. வாயிலுள்ள 20 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஏதேனும் ஒரு காரணத்தால் அது உண்ணாமல் நின்றால், குடலின் இயக்கம் தளர்ந்து வாயு திரண்டு வலி மிகும்; வலியால் உண்ணாமையும் உண்ணாமையால் வலியும் ஒன்றையொன்று வளர்க்க, உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படியத் தொடங்கும். அரை நாள் புல் தொடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அதை அவசர நிலை என்றே கொள்ள வேண்டும். ‘நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது மாட்டுக்கும் நாய்க்கும் சில வேளை பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது.

இனி, தீராத நோய்போல் தோன்றி எளிதில் தீர்ந்துவிடுகிற இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது ஸ்கர்வி. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலுக்கும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சக்தி இல்லை. 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிஹ் என்னும் இரு விஞ்ஞானிகள், கப்பல் மாலுமிகளின் வியாதியொன்றை ஆராயும் பொருட்டு இப்பிராணிகளுக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்க்க, அவற்றுக்கு ஸ்கர்வி கண்டது. அந்த வைட்டமினைப் பற்றிய அறிவுக்கே அது ஒரு வாயிலாயிற்று. இத்தனை காலம் சென்ற பின்னும், முயலுக்கான தீவனத்தைக் கினிப்பன்றிக்கும் சேர்த்து விற்கும் கடைகளால், அதே பரிசோதனை நம் வீட்டு மாடிகளில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மூட்டுகள் வீங்கி, நடக்க மறுத்து, தொட்டால் கிறீச்சிட்டுக் கிடக்கும் பிராணியைப் பக்கவாதம் என்று கைவிடுகிறார்கள். மருத்துவர் அளவோடு கொடுக்கும் வைட்டமின் சி-யில் பெரும்பாலும் சில நாட்களுக்குள் அது எழுந்து நடமாடத் தொடங்கிவிடும். நோய் வராமல் காக்க, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை போதும். ஒரு துண்டு குடைமிளகாயும் கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் அதில் பெரும் பங்கைக் கொடுத்துவிடும். இரண்டாவது, தோலுக்குள் வளை தோண்டும் ஒருவகைச் சிரங்குப் பூச்சி. அரிப்பு தாளாமல் பிராணி வலிப்பு கண்டு துடிப்பதைப் பார்க்கிறவர்கள், மூளையே கெட்டுவிட்டதென்று உயிர்போக்கத் துணிந்துவிடுவதுண்டு. எடைக்குத் தக்கபடி மருத்துவர் அளந்து போடும் ஐவர்மெக்டின் ஊசி, சில நாள் இடைவிட்டுத் திரும்பவும் போடப்பட்டால், அந்நோய் தீர்ந்துபோகும்.

இதற்கு மாறாக, சாதாரண ஔஷதமே எமனாவதும் உண்டு. குழந்தைக்கென்று வாங்கி அலமாரியில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை இரண்டு சொட்டு கொடுத்துப் பார்க்கலாமென்று நினைக்காத வீட்டார் அரிது. பென்சிலின் வகையைச் சேர்ந்த மருந்துகளும், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் போன்றவையும் வாய்வழியே செல்லும்போது, கினிப்பன்றியின் குடலிலுள்ள நற்கிருமிகளை அழித்து, நஞ்சைக் கக்கும் தீய கிருமிகளுக்கு இடம் விட்டுச் சில நாட்களில் அதைக் கொன்றுவிடுகின்றன. 1940-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்டு ஃபுளோரியின் குழுவினர் பென்சிலினை முதன்முதலாகச் சோதித்தது சுண்டெலிகளின் மேல். அன்று கைக்கு அகப்பட்டவை கினிப்பன்றிகளாய் இருந்திருப்பின், அந்த மருந்து விஷமென்றே ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும். என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோப்ரிம்-சல்ஃபா முதலியவை கினிப்பன்றிக்கு ஏற்றவை. எனவே, மருந்துச் சீட்டு கைக்கு வந்தவுடன், ‘இது கினிப்பன்றிக்கு வாய்வழி கொடுக்கத் தக்கதுதானா, டாக்டர்?’ என்று மரியாதையாகக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நாயையும் மாட்டையும் அன்றாடம் பார்க்கும் கைதேர்ந்த மருத்துவருக்கும் இந்தப் பிராணி வருஷத்துக்கு ஒன்றிரண்டு வருவதே அரிதாயிருக்கலாம். அக்கேள்வியை நல்ல மருத்துவர் எவரும் அவமதிப்பாகக் கொள்ளமாட்டார்.

உண்மையிலேயே கடினமான தீர்மானம் வேறிடத்தில் இருக்கிறது. சிறுநீர்ப்பையில் கல், தாடை எலும்பில் சீழ், கடைவாய்ப் பற்கள் நாவின் மேல் பாலம்போல் வளர்ந்து விழுங்க முடியாமற் செய்வது, வயது சென்ற பெண் பிராணிகளின் சூற்பையில் வளரும் நீர்க்கட்டி, இவைபோன்றவற்றுக்கு ரண சிகிச்சையோ, மயக்கம் கொடுத்துச் செய்யும் சிகிச்சையோ தேவைப்படலாம். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடத்திய பெரியதோர் ஆய்வில், மயக்க மருந்தைத் தொடர்ந்து இரண்டு நாட்களுக்குள் இறந்தவை நாய்களில் நூற்றுக்கு 0.17, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39, கினிப்பன்றிகளில் 3.80 என்று கண்டார்கள். இதைப் படித்துப் பயந்து சிகிச்சையே வேண்டாமென்பது பேதைமை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பிழைக்கின்றன என்பதும் அதே கணக்குதான். ஆயினும் இந்த ஆபத்தை மருத்துவர் முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிடில் நாம் கேட்க வேண்டும். மரணங்களில் பல, அறுவை முடிந்த பின் வரும் மணி நேரங்களில் நிகழ்வதால், அந்த நேரத்தில் உடற்சூட்டைக் காப்பவர் யார், வலி மருந்து கொடுப்பவர் யார், எப்போது மீண்டும் தீனி ஊட்டப்படும் என்பதையும் சேர்த்துக் கேட்பது விவேகம். கல்லை எடுத்த பின்னும் மறுபடி கல் உண்டாவது சகஜம். பல்லைத் தேய்த்துச் சரிப்படுத்தினாலும் சில வாரங்களுக்கொருமுறை ஆயுள் முழுவதும் தேய்க்க நேரலாம். முதற் செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்டு, தொடர் செலவைக் கேளாமல் சம்மதிப்பதே பிற்பாடு மனக்கசப்புக்குக் காரணமாகிறது. ஐந்து முதல் எட்டு ஆண்டு வரையில் ஆயுளுள்ள பிராணியில், இரண்டு வயதானதற்கு நியாயமாயிருக்கும் ரண சிகிச்சை ஏழு வயதானதற்குக் கொடுமையாயிருக்கலாம்.

சிகிச்சை நடக்கும் நாட்களில் பாதி வைத்தியம் வீட்டில் நடப்பது என்பதையும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். உண்ணாத பிராணியை ஒரு துவாலையில் சுற்றி மடியில் நேராக இருத்திக்கொண்டு, நீரில் ஊறவைத்துக் குழைத்த தீவனத்தை ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் எடுத்து, முன்பற்களுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, அரை மில்லி விட்டு, அது மென்று விழுங்கும் வரையில் காத்திருந்து, மறுபடி அரை மில்லி விட வேண்டும். நேரே தொண்டைக்குள் பீய்ச்சினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இரவும் பகலும் மூன்று நான்கு மணிக்கொருமுறை இப்படிச் செய்ய ஆள் உண்டா? வயிறு உப்பித் தட்டினால் மத்தளம்போல் ஒலிக்குமாயின், ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். வீட்டில் எல்லோரும் வேலைக்குச் செல்பவர்களானால் அதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. அவருடைய யோசனையே அதற்குத் தக்கபடி மாறும்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அதன் நலத்துக்கும், அநாவசியமான வலி நேராமல் தடுப்பதற்கும் வேண்டிய நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. பசி தாகத்தால் வருந்தக்கூடிய இடத்தில் பிராணியைக் கைவிடுவது 11-ஆவது பிரிவின்படி குற்றம். நோயுற்றதைப் பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிட்டு ‘இயற்கையில் பிழைத்துக்கொள்ளும்’ என்று சொல்கிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் என்பது வெட்கத்துக்குரிய செய்தி. ஆறு தசாப்தங்களுக்கு முன் நிர்ணயித்த தொகை அது. தண்டனை அற்பமாயிருப்பதால் கடமை அற்பமாகிவிடாது.

வாங்கிய ஓரிரு வாரத்திலேயே நோய் வெளிப்பட்டால், கடைக்காரரையும் கேள்வி கேட்கலாம். 2018-ஆம் ஆண்டின் வளர்ப்புப் பிராணிக் கடை விதிகள் கினிப்பன்றியைப் பெயர் சொல்லியே உட்படுத்துகின்றன. மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் கடை நடத்தக் கூடாது. வாங்கும்போது ரசீது கேட்டுப் பெறாதவர்களுக்கு இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும்.

மருத்துவர் விஷயத்திலும் உரிமைகள் உண்டு. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே சிகிச்சை செய்யத் தகுதியுடையவர். கடைக்காரர் ஊசி போடுவது சட்டத்துக்குப் புறம்பு. செலவின் உத்தேச மதிப்பையும், கொடுத்த மருந்துகளின் பெயரையும் அளவையும், எக்ஸ்ரே படத்தையும் எழுத்தாகவும் பிரதியாகவும் கேளுங்கள். வேறொரு மருத்துவரின் அபிப்பிராயத்தை நாடுவதற்கு அவையே ஆதாரம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் அஜாக்கிரதை நேர்ந்ததென்று நம்பக் காரணமிருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் புகாருக்குக் கட்டணமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் யோசனை கேட்கலாம். நடத்தைக் குறைபாடாயின் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம். ஆனால் பிராணி இறந்துவிட்டது என்பதே அஜாக்கிரதைக்குச் சாட்சியாகாது. தன் திறமைக்கெட்டிய வரையில் நேர்மையாய் முயன்ற மருத்துவரை, துக்கத்தின் வேகத்தில் நீதிமன்றத்துக்கு இழுப்பது முறையன்று.

சிகிச்சையால் பயனில்லை என்று தெளிந்தபின் எஞ்சுவது கருணை மரணம். தானாக உண்கிறதா, வலி மருந்து கொடுத்த பின்னாவது துணைப் பிராணியின் அருகே போய்ப் படுக்கிறதா, மூச்சு சிரமமின்றி வருகிறதா என்று நாள்தோறும் பார்த்து, இல்லை என்ற விடை அடுத்தடுத்து வந்தால், அதற்குமேல் நீட்டிப்பது நம் மன ஆறுதலுக்கேயன்றி அதற்காக அன்று. ‘அதுவாகப் போகட்டும்’ என்று பட்டினியில் விட்டுவிடுவதைப் புண்ணியம்போல் பேசுகிறவர்கள், ஒரு கினிப்பன்றி அப்படிப் போவதை அருகிருந்து பார்த்தவர்களல்லர். முதலில் மயக்கம் கொடுத்து நினைவிழக்கச் செய்த பின்னரே முடிவான ஊசியைப் போட வேண்டும்; நினைவோடிருக்கும்போது இதயத்தில் ஊசி செலுத்துவதை மறுக்க வளர்த்தவருக்கு உரிமையுண்டு, மறுத்தேயாக வேண்டும். வீட்டிலுள்ள குழந்தையிடம் ‘பண்ணைக்கு அனுப்பிவிட்டோம்’ என்று பொய் சொல்லாதீர்கள். இறந்துவிட்டது என்று சொன்னால் அழும், அழட்டும்.

இவை யாவும் நோய் வந்தபின் யோசிக்கத் தொடங்கினால் நேரம் போதாது. 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற போதனா மருத்துவமனைகள் இருக்கும் ஊர்க்காரர்கள் பாக்கியசாலிகள்; மற்றவர்கள், தங்கள் ஊரில் முயலையும் கினிப்பன்றியையும் பார்க்கப் பழகிய மருத்துவர் யார், இரவில் அவரைக் காண முடியுமா, மயக்க மருந்துக் கருவி அவரிடம் உண்டா என்பதை இந்த வாரத்திலேயே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் கூண்டின் மேல் ஒட்டி வையுங்கள். கோடையில் அழைத்துச் செல்வதானால் வெயில் ஏறுமுன் செல்லுங்கள். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமே, வேறு நோய் இல்லாத கினிப்பன்றியையும் கொல்லப் போதுமானது.