கேன்வாஸ் சட்டத்தில் முளைத்த தந்தி

1837. நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தை ஒட்டிய பல்கலைக்கழகக் கட்டடம். ஓவியப் பேராசிரியர் சாமுவேல் மோர்ஸின் அறைக் கதவு லேசாகத் திறந்திருக்கிறது. சத்தம் போடாமல் வாருங்கள், எட்டிப் பார்த்துவிடலாம்!

தூரிகைகள், வண்ணங்கள்... சரி. மேஜையில் ஆணியடித்து நிறுத்தியிருக்கிறதே, அது என்ன? ஓவியத் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டம்! ஆனால் துணியைக் காணோம். சட்டத்தின் நடுவே ஒரு மின்காந்தம். மேலிருந்து ஊசலாடும் கட்டை, அதில் செருகிய பென்சில். கீழே பழைய கடிகாரத்தின் பல்சக்கரங்கள் இழுக்க, மெல்ல நகரும் காகித நாடா. மின்சாரம் பாய்ந்தால் காந்தம் கட்டையை வெடுக்கென்று இழுக்கும். பென்சில் நாடாவில் கோணல்மாணலாக ஒரு கோடு போடும். இதுதான் ஐயா தந்தி! இன்றும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பேராசிரியர் என்றதும் வசதியானவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறையிலேயே சமைத்து, அங்கேயே படுத்துக்கொண்டவர். மளிகைச் சாமான் வாங்கப் போவதுகூட இருட்டிய பிறகுதான். நாலு பேர் பார்த்தால் மானம் போய்விடுமே!

1825 பிப்ரவரியில் அவர் வாஷிங்டனில் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டின் உருவப்படத்தை வரைந்துகொண்டிருந்தபோது, நியூ ஹேவனில் அவர் மனைவி லுக்ரீஷியா இறந்துபோனார். கடிதம் வந்து, அவர் அடித்துப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கமே முடிந்துவிட்டது. அந்தத் துயரத்தில்தான் தந்தியைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்பவர்கள் உண்டு. சினிமாவுக்கு நல்ல காட்சி. ஆனால் தந்தி யோசனை அவருக்குத் தட்டியது ஏழு வருடம் கழித்து, 1832இல், சல்லி என்ற கப்பலில் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது. சாப்பாட்டு மேஜையில் சார்ல்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் மின்காந்தத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். மோர்ஸ் குறிப்பேட்டைத் திறந்துவிட்டார். பிற்பாடு அதே ஜாக்சன், "யோசனையே என்னுடையது" என்று சண்டைக்கு வந்தது தனிக் கூத்து.

இன்னொரு ரகசியம்: மோர்ஸுக்கு மின்சாரம் அவ்வளவாகத் தெரியாது. முதலில் அவர் கருவி சில பத்து அடியைத் தாண்டவே திணறியது. பக்கத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த லியனார்ட் கேல், இயற்பியலாளர் ஜோசப் ஹென்றியின் மின்காந்த ஆய்வைப் படித்தவர். "பேட்டரியைக் கூட்டு, காந்தத்தில் கம்பியை இன்னும் நிறையச் சுற்று" என்று வழிகாட்டினார். தூரம் மைல்கணக்கில் எகிறியது. பிறகு வந்து சேர்ந்தார் ஆல்பிரட் வேய்ல். நியூ ஜெர்சியில் அப்பாவின் இரும்பாலை, கையில் காசு, விரலில் வித்தை. ஆங்கிலத்தில் எந்த எழுத்து அதிகம் புழங்குகிறது என்று அறிய எங்கே போனார்கள் தெரியுமா? உள்ளூர் அச்சகத்துக்கு! எந்த எழுத்துக்கு எத்தனை ஈய அச்சு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். 'ஈ'தான் முதலிடம், அதற்கு ஒற்றைப் புள்ளி. புள்ளியும் கோடும் யார் மூளையில் உதித்தவை, மோர்ஸா, வேய்லா என்பதில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. என் ஓட்டு பாதிக்கு மேல் வேய்லுக்கு.

1843இல் தந்திக் கம்பி போட அமெரிக்கக் காங்கிரஸ் 30,000 டாலர் கொடுக்க வேண்டும். கொடுத்ததா? கிண்டலடித்தது! "பாதியை மெஸ்மரிச ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமே" என்றார் ஒரு உறுப்பினர். கடைசியில் கீழவையில் 89க்கு 83 என்று தப்பிப் பிழைத்தது மசோதா.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் வரை, சுமார் 40 மைல், ஈயக் குழாய்க்குள் கம்பியை வைத்து மண்ணில் புதைப்பதாகத் திட்டம். அதற்கென்றே ஒரு கலப்பையை வடிவமைத்தார் எஸ்ரா கார்னெல். ஆம், பிற்காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்தான். கோவேறு கழுதைகள் இழுக்க, குழாய் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. சில மைல் போனபின் சோதித்தால் மின்சாரம் கசிகிறது. கம்பிக்கு மேல் போட்ட காப்பு சரியில்லை. பணத்தில் பெரும்பகுதி காலி! நிறுத்தினால் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிடும். மோர்ஸ் கார்னெலை ஓரமாக அழைத்துக் காதில் விஷயத்தைப் போட்டார். கார்னெல் திரும்பி வந்தார், கழுதைகளை முடுக்கினார், கலப்பையை ஒரு பாறையில் கொண்டுபோய் மோதினார். படார்! கலப்பை சிதறியது. "ஐயோ பாவம், விபத்து" என்று எழுதிவிட்டுப் போனார்கள் நிருபர்கள். அந்த இடைவெளியில் கம்பத்துக்கு மாறினார்கள். நாம் இத்தனை காலம் பார்த்த தந்திக் கம்பங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு நாடகம்!

திறப்பு விழா 1844 மே 24. வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற அறையில் மோர்ஸ், பால்டிமோரில் வேய்ல். பைபிளின் எண்ணாகமத்திலிருந்து ஒரு வரி போனது. அதைத் தேர்ந்து கொடுத்தவர் காப்புரிமை ஆணையரின் இளம் மகள் ஆனி எல்ஸ்வொர்த். அந்த நாடா இன்னும் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் போன முதல் வாசகம் இதுவே என்றும், சொல்லிக்கொடுத்தவர் தன் அன்புத் தோழி ஆனி என்றும் மோர்ஸே தன் கையால் அதில் எழுதிவைத்திருக்கிறார்.

ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதியதில்தான் சாமர்த்தியம்! ஏனென்றால் மே 1ஆம் தேதியே கம்பி வேலை செய்தாயிற்று. அன்று விக் என்ற அரசியல் கட்சியின் மாநாடு பால்டிமோரில். கம்பி அன்று பாதி வழியில் அனாபொலிஸ் ஜங்ஷன் வரைதான். ரயிலில் வந்தவர்களிடம் வேட்பாளர்கள் பெயரைக் கேட்டு, வேய்ல் அங்கிருந்தே வாஷிங்டனுக்குத் தட்டிவிட்டார். அதே ரயில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்து, பயணிகள் மூச்சிரைக்கச் செய்தியைச் சொன்னால், "அது அப்போதே தெரியுமே" என்றார்களாம் ஊர்க்காரர்கள்.