ஜெர்மனியில் சுயதொழில் புரியும் பாலியல் தொழிலாளரின் வரிப்பொறுப்பும் சட்டநிலையும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மானிய அரசு பாலியல் தொழிலாளரின் வருவாய்க்கு நெடுங்காலமாக வரி விதித்து வந்துள்ளது. அவ்வருவாயைச் சட்டப்படி கோரிப் பெறும் உரிமையோ தொழிலாளருக்கு 2002இல்தான் கிடைத்தது. இவ்விடைவெளி உருவான விதத்தையும், இன்றைய வரி நடைமுறையில் அது விட்டுச்சென்றுள்ள எச்சங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாலியல் தொழில், சுயதொழில், வருமான வரி, தொழில்வரி, ஒப்பந்த உரிமை, ஜெர்மனி.

ஒழுக்கம் குறித்த இரு பார்வைகள்

ஒரு செயல் சட்டத்துக்கோ நல்லொழுக்கத்துக்கோ முரணானது என்பதால் வரிவிதிப்பு தடைபடாது என்கிறது ஜெர்மனியின் பொது வரிச்சட்டம், பிரிவு 40. உரிமையியல் சட்டத்தொகுப்பின் பிரிவு 138, நல்லொழுக்கத்துக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் பிற நாடுகளிலும் காணப்படும் பொதுவான நெறிகளே. ஆனால் பாலியல் தொழிலாளர் ஒருவரின் மீது இரண்டும் ஒருங்கே செயல்பட்டபோது விளைவு விந்தையாக இருந்தது. வாடிக்கையாளர் பணம் தர மறுத்தால் அவர் வழக்குத் தொடர முடியாது. தந்துவிட்டால் அதற்கு வரி செலுத்தியாக வேண்டும்.

கூட்டாட்சி நிதி நீதிமன்றத்தின் பேரமர்வு 1964இல் வழங்கிய தீர்ப்பு இந்நிலைக்கு ஒரு வடிவம் தந்தது. அத்தீர்ப்பின்படி இத்தகைய வருவாய் வரிக்கு உட்பட்டது. எனினும் அது தொழில் வருவாய் ஆகாது, ‘பிற வருவாய்’ என்னும் இனத்திலேயே சேரும். பணத்தை ஏற்று, அதை ஈட்டிய செயலுக்குத் தொழில் என்ற பெயரை மறுத்த தீர்ப்பு இது. 1987இல் அதே நீதிமன்றம் மதிப்புக்கூட்டு வரிக்காக இவர்களைத் தொழில்முனைவோராக ஏற்றது. ஆக, ஒரே செயல் ஒரு வரிச்சட்டத்தில் தொழிலாகவும் மற்றொன்றில் தொழில் அல்லாததாகவும் பல்லாண்டுகள் நிலைத்தது.

2002 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பாலியல் தொழில் சட்டம், பேசிய தொகையைக் கோரும் உரிமையைத் தொழிலாளருக்கு அளித்தது. அவ்வுரிமையைப் பிறருக்கு மாற்றித் தர இயலாது. உரியவரே தம் பெயரில் கோர வேண்டும். இடைத்தரகர் கடனைக் காரணம் காட்டி உரிமையை எழுதி வாங்கிக்கொள்வதைத் தடுக்கும் இந்த ஏற்பாடு, அச்சட்டத்தின் நுட்பமான பகுதிகளுள் ஒன்று.

2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு

வாடகைக் குடியிருப்பில் தொழில் செய்து, நாளிதழில் விளம்பரம் தந்துவந்த ஒரு பெண்ணின் வழக்கில், பேரமர்வு 2013 பிப்ரவரி 20 அன்று தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. தம் பொறுப்பில் பாலியல் தொழில் புரிபவரின் வருவாய் தொழில் வருவாயே என்பது புதிய தீர்ப்பு.

இதன் உடனடி விளைவாக, உள்ளாட்சிகளுக்குரிய தொழில்வரி இவர்கள்மீதும் விழுந்தது. இதனை மட்டும் கொண்டு தீர்ப்பைப் புதிய சுமையாகக் காண்பது முழுமையான பார்வை ஆகாது. தனிநபருக்கு ஆண்டுக்கு 24,500 யூரோ வரையிலான தொழில் ஆதாயத்துக்கு இவ்வரி இல்லை. அதற்கு மேல் செலுத்துவதிலும் பெரும்பகுதி வருமான வரியில் கழிக்கப்படுகிறது.

பெரிய மாற்றம் நட்டத்தைப் பற்றியது. கடையொன்றில் பகுதிநேர ஊதியம் பெறும் பெண் ஒருவர் குடியிருப்பை வாடகைக்கு எடுத்து, விளம்பரத்துக்கும் செலவிட்டு, சில மாதங்களில் தொழிலைக் கைவிடுகிறார் எனக் கொள்வோம். ‘பிற வருவாய்’ இனத்தில் ஏற்படும் நட்டத்தை ஊதியத்தில் ஈடுசெய்யச் சட்டம் இடந்தருவதில்லை. தொழில் நட்டத்தை ஈடுசெய்யலாம். எனவே 1964ஆம் ஆண்டு வகைப்பாடு, ஆதாயத்தில் பங்கு கேட்ட அரசு நட்டத்தைத் திரும்பிப் பாராமல் இருக்க வழிசெய்தது. ‘தொழில்’ என்ற சொல்லின் மதிப்பு இங்குதான் புலப்படுகிறது.

மதிப்புக்கூட்டு வரியின் சுமை வேறு வகையானது. 2025 முதல், முந்தைய ஆண்டு விற்றுமுதல் 25,000 யூரோவுக்கு மிகாத சிறுதொழில் புரிவோர் விலக்குப் பெறலாம். அவ்வரம்பைக் கடந்தவருக்கு 19 விழுக்காடு. முழு எண்களில் ரொக்கமாகப் பேசப்படும் விலையின்மேல் வரியைத் தனியே சேர்த்து வாங்குவது எளிதன்று. ஆகவே கைக்கு வரும் 100 யூரோவில் ஏறத்தாழ 16 யூரோ வரியாகக் கழிகிறது.

வசூலிப்பவர் யார்?

வருமான வரியைப் பொறுத்தவரை பொறுப்பு தொழிலாளருடையது. வசூலோ பல மாநிலங்களில் விடுதி நடத்துபவர் வழியே நடைபெறுகிறது. ‘டுசெல்டார்ஃப் முறை’ எனப்படும் ஏற்பாட்டில், அவர் ஒவ்வொருவரிடமும் நாளுக்கு ஒரு குறித்த தொகையைப் பெற்று வரி அலுவலகத்தில் செலுத்துகிறார். இதற்குத் தனிச் சட்ட அடிப்படை இல்லை. பங்கேற்பு விருப்பத்தைச் சார்ந்தது. இத்தொகை முன்பணமே தவிர இறுதி வரி அன்று. ஆண்டறிக்கை அளிக்கும் கடமை தொழிலாளரை விட்டு நீங்குவதில்லை. செலுத்தியதற்குச் சான்று கையில் இல்லாதவர் அதனைக் கழித்துக் காட்டுவது கடினம். கணக்கும் இல்லையெனில் அலுவலகம் வருவாயைத் தானே மதிப்பிடலாம். நகரங்கள் விதிக்கும் கேளிக்கை வரி இதிலிருந்து வேறானது: பான் நகரம் 2011இல் தெருவோரத் தொழிலாளருக்காக இரவுக்கு 6 யூரோ பெறும் சீட்டு இயந்திரத்தையே நிறுவியது.

விடுதியில் இருப்பவர் உண்மையில் சுயதொழில் புரிபவர்தானா என்ற வினாவும் எழுகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2001ஆம் ஆண்டு யானி வழக்கில் இதற்கு அளவுகோல் வகுத்தது: தொழில், பணிநிலை, ஊதியம் ஆகியவற்றில் பிறருக்குக் கீழ்ப்படியாமை, சொந்தப் பொறுப்பு, முழுத்தொகையும் நேரடியாகத் தம் கைக்கு வருதல். விலையை நிர்ணயித்து, விளம்பரம் தந்து, பணத்தையும் வாங்கிக்கொள்பவர் விடுதி உரிமையாளரானால், மொத்த விற்றுமுதலும் அவருடையதாகவே கொள்ளப்படலாம்.

பதிவும் தடைப்பகுதியும்

2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாலியல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. புனைபெயரில் சான்று பெறலாம். ஆனால் பதிவு குறித்து வரி அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்படும். 2019 இறுதியில் பதிவுற்றோர் ஏறத்தாழ 40,400 பேர். பதிவைத் தவிர்ப்பதற்கு வரியச்சம் மட்டுமே காரணம் எனக் கருதுவது பொருந்தாது. வீட்டு முகவரிக்கு வரும் அரசுக் கடிதத்தைக் குடும்பத்தார் பிரித்துவிடக்கூடும் என்ற அச்சத்தைப் புனைபெயர்ச் சான்று போக்குவதில்லை.

நகரின் குறிப்பிட்ட பகுதிகளில் இத்தொழிலைத் தடைசெய்யவும் சட்டம் இடந்தருகிறது. தடையை மீறுவோருக்குத் தண்டத்தொகை உண்டு. தொடர்ந்து மீறினால் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். தடைப்பகுதியில் ஈட்டிய பணமும் பிரிவு 40இன்படி வரிக்கு உரியதே. அங்கே தங்கிய அறையின் வாடகையைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். அதே அறைக்காகச் செலுத்திய தண்டத்தொகையைக் கழிக்க இயலாது.