பனிக்காலத்துப் பூக்கள்

தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். தில்லி, சண்டிகர் முதலிய வட இந்திய நகரங்களின் தோட்டங்கள் பூத்துக் குலுங்குவது இவ்விரு பருவங்களிலேதான். கோடையில் மணம் பரப்பிய குண்டுமல்லி அப்போது ஓய்ந்திருக்கும். சாமந்தி, செண்டுமல்லி, பெட்டூனியா, பான்சி ஆகியவை தொட்டிகளையும் பாத்திகளையும் நிறைத்திருக்கும். குளிர் மிகுந்த காலத்தில் இவை பூப்பது எவ்வாறு?

சாமந்தியும் இருளும்

சாமந்தியைச் செவ்வந்தி என்றும் கூறுவர். இந்தியில் அதன் பெயர் குல்தாவுதி. இச்செடி பூப்பதற்குக் குளிரைவிட இரவின் நீளமே முதன்மையான காரணம். டிசம்பர் 22ஆம் நாளையொட்டித் தில்லியில் பகல் ஏறத்தாழ 10 மணி 20 நிமிடமே நீடிக்கிறது; சென்னையில் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம் நீடிக்கிறது. கோடை கழிந்தபின் இரவு நாள்தோறும் சிறிது சிறிதாக நீள்வதைச் சாமந்தியின் இலைகள் உணர்கின்றன. இரவு போதிய அளவு நீண்டதும், இலைகளிலிருந்து கிளையின் நுனிக்கு ஒரு செய்தி செல்கிறது. அதுவரை இலைகளைத் தோற்றுவித்த நுனி, மொட்டுகளைத் தோற்றுவிக்கத் தொடங்குகிறது.

பகலின் நீளத்திற்கும் பூத்தலுக்கும் உள்ள தொடர்பைக் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிவியலாளர் இருவர் 1920இல் வெளியிட்டனர். இடையறாத இருளே இதில் இன்றியமையாதது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஆகவே, இரவு முழுவதும் விளக்கெரியும் மாடத்தில் வைத்த சாமந்தி, உரமும் நீரும் பெற்றுச் செழித்து வளர்ந்தாலும் மொட்டு வைக்காமல் போகலாம். செடி நோயுற்றது என எண்ணி அதனைப் பிடுங்கி எறிவோரும் உளர். மாலை முதல் காலை வரை ஒளி படாத இடத்தில் வைப்பதே அதற்கு ஏற்ற மருந்து. மலர்ப்பண்ணையினர் இவ்வியல்பைப் பயன்படுத்துகின்றனர். பூப்பதைத் தள்ளிப்போட இரவில் விளக்கேற்றுகின்றனர். விரைந்து பூக்கச் செய்யக் கறுப்புத் துணியால் செடிகளை மூடுகின்றனர்.

அயல்நாட்டு விருந்தினர்

பெட்டூனியாவின் தாயகம் தென் அமெரிக்கா. பான்சியின் முன்னோர் ஐரோப்பாவில் வளர்ந்த காட்டுச் செடிகள். ஐரோப்பாவில் இவை இளவேனிலிலும் கோடையிலும் பூக்கின்றன. வட இந்தியாவின் கோடை வெப்பத்தை இவை தாங்கா. ஆனால், இங்குள்ள பனிக்காலத்துப் பகல், ஐரோப்பிய இளவேனிலைப் போல மிதமான வெயிலும் குளிர்ச்சியும் உடையது. எனவே, ஊர் மாறிய இச்செடிகள் பூக்கும் பருவத்தையும் மாற்றிக்கொண்டன. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை முதல் பங்குனி வரை பூக்கும். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் புதிய மொட்டுகள் தோன்றும். தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டத்தில் பிப்ரவரி, மார்ச் திங்கள்களில் இத்தகைய மலர்களைப் பொதுமக்கள் காணலாம்.

திங்களின் பெயர் பெற்ற பூ

தமிழ்நாட்டிலும் பனிக்காலத்துக்கென ஒரு பூ உண்டு. ஊதா, வெள்ளை முதலிய நிறங்களில் பூக்கும் அதற்கு மணமில்லை. ஆயினும் பெண்கள் விரும்பித் தொடுத்துச் சூடுவர். பூக்கும் திங்களின் பெயரே அதன் பெயராயிற்று: டிசம்பர் பூ. பாட்டி வீட்டு முற்றத்தில் அது பூக்கும் நாள்களில், தில்லி வீட்டு மாடத்தில் சாமந்தி பூத்திருக்கும். ஊர்கள் வேறாயினும் பருவம் ஒன்றே.

சொற்பொருள்

பெரும்பொழுது – ஆண்டின் பருவப் பிரிவு
திங்கள் – மாதம்
மாடம் – பால்கனி
இடையறாத – நடுவில் நிற்காத
இன்றியமையாதது – கட்டாயம் தேவையானது

வினாக்கள்

1. பனிக்காலத்திற்குரிய தமிழ் மாதங்கள் யாவை?
2. இரவு முழுவதும் விளக்கொளியில் இருக்கும் சாமந்தி பூக்காமல் போவது ஏன்?
3. பான்சி ஐரோப்பாவில் கோடையிலும் வட இந்தியாவில் பனிக்காலத்திலும் பூப்பதன் காரணத்தை விளக்குக.
4. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பனிக்காலத்தில் பூக்கும் மூன்று செடிகளைக் கண்டு, அவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.