மன்னார் வளைகுடாவில் சூழல் மண்டல அடிப்படையிலான கடல் மேலாண்மை

சூழல் மண்டல அடிப்படையிலான மேலாண்மை என்பது ஒரு கடற்பகுதியிலுள்ள மீன்கள், பவளப்பாறைகள், கடற்புல் வெளிகள், கரையோரத் தாவரங்கள், அவற்றைச் சார்ந்து வாழும் மனிதர்கள் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கொண்டு திட்டமிடும் முறை ஆகும். மீன்வளத்தை ஒரு துறை, வனவிலங்கை ஒரு துறை, துறைமுகத்தை ஒரு துறை எனத் தனித்தனியே ஆளும் பழைய முறைக்கு மாற்றாக இது முன்வைக்கப்படுகிறது. உயிரியல் பல்வகைமை உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2000ஆம் ஆண்டு நைரோபியில் கூடியபோது இவ்வணுகுமுறைக்கான 12 கொள்கைகளை ஏற்றுக்கொண்டன. நில, நீர், உயிர் வளங்களை எவ்வாறு ஆள்வது என்பது சமுதாயத்தின் தேர்வு என்பதே அவற்றுள் முதலாவது. தமிழ்நாட்டில் இம்முறை நீண்ட காலமாக முயன்று பார்க்கப்பட்ட இடம் மன்னார் வளைகுடா ஆகும்.

அமைவிடமும் காப்பு நிலையும்

இராமேசுவரம் தீவுக்குத் தெற்கே, தூத்துக்குடி வரை கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. இவை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் உள்ளடக்கிய 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் இப்பூங்காவை மையமாகக் கொண்டு 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இது சேர்க்கப்பட்டது.

பிணைப்புகள்

இக்கடலில் ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் என்பதற்குப் பவளப்பாறை நல்ல எடுத்துக்காட்டு. பாறைகள் அலையின் விசையைத் தணிக்கின்றன. அதனால் தீவுகளின் மணல் கரையாமல் நிற்கிறது. தீவுகள் நிற்பதால் கரையோர ஊர்களுக்கு மறைவு கிடைக்கிறது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானத்திற்கும் பல பத்தாண்டுகள் இப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியதற்கு இது ஒரு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எனினும் வெட்டுதல் பெருமளவில் நின்றது 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகே. பாறையின் பயனை மக்கள் கண்ணால் கண்டது சட்டத்தைக் காட்டிலும் விரைவாக வேலை செய்தது எனலாம்.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் பெரும்பகுதி கரைந்துபோன நிலையில், 2015ஆம் ஆண்டுக்குப் பின் அதன் முன்னே செயற்கைப் பாறைத் தொகுதிகள் இறக்கப்பட்டன. வெட்டி எடுத்த பாறையின் வேலையைக் கற்காரையைக் கொண்டு செய்விக்கும் முயற்சி இது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தீவுகளின் பவளங்களைத் தொடர்ந்து அளந்து வருகிறது. கடல்நீர் சூடேறியதால் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த பவள வெளிறல் உள்ளூர் விதிகளால் தடுக்க இயலாத வகையைச் சேர்ந்தது.

நிருவாகம்

தீவுகளும் பூங்காவும் வனத்துறையின் பொறுப்பு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான மீன்பிடிப்பு மாநில மீன்வளத்துறையின் பொறுப்பு. அதற்கு அப்பால் நடுவண் அரசு. கரையோரக் கட்டுமானங்கள் 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழ் வருகின்றன. துறைமுகம், அனல் மின் நிலையம், உப்பளம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகள் உண்டு. இதற்கு மாறாக ஆசுதிரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு 1975 முதல் தனி ஆணையம் இருக்கிறது. அங்கு 2004இல் மண்டலங்கள் திருத்தி வகுக்கப்பட்டு, மீன்பிடிப்பு அறவே இல்லாத பரப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவிலிருந்து சுமார் 33 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

இக்குறையை நிரப்பும் நோக்கில் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை அமைக்கப்பட்டது. உலகச் சுற்றுச்சூழல் வசதியம், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றின் உதவியுடன் 2002 முதல் இது பணிகளை மேற்கொண்டது. கரையோர ஊர்களில் குழுக்கள் அமைத்தல், கடலைச் சாராத பிழைப்புக்குச் சிறுகடன் அளித்தல் ஆகியன இதன் முதன்மைப் பணிகள். துறைகளை ஒருங்கிணைக்கலாமேயன்றி அவற்றுக்கு ஆணையிடும் அதிகாரம் அறக்கட்டளைக்கு இல்லை. 2005இல் சேது சமுத்திரக் கால்வாய்ப் பணி தொடங்கியபோது இவ்வரம்பு தெளிவாகத் தெரிந்தது. உயிர்க்கோளக் காப்பகத்தின் ஊடே செல்லும் அக்கால்வாயைப் பற்றிய முடிவு முற்றிலும் வேறு இடத்தில் எடுக்கப்பட்டது. இராமர் பாலப் பகுதியில் தூர்வாருவதை உச்ச நீதிமன்றம் 2007இல் இடைக்காலமாகத் தடுத்தது.

கடற்பாசி எடுக்கும் பெண்கள்

பூங்கா அறிவிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை முதலியவற்றைச் சேகரித்து வந்தனர். இவை அகர் அகர், அல்சினேட்டு ஆகியன தயாரிக்கும் ஆலைகளுக்குச் செல்கின்றன. பூங்காவின் எல்லைக்குள் நுழைவது சட்டப்படி குற்றமாதலால், 2000களில் காவல் இறுகியபோது இவர்கள் தம் தொழிற்களத்திலேயே அத்துமீறுவோர் ஆயினர்.

பின்னர் இப்பெண்கள் கூடித் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டனர். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விட்டுக் கையால் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாமும் ஓய்வது என்பன அவற்றுள் சில. பாசி மீண்டும் வளர இடைவெளி வேண்டும் என்பதை நூலறிவின்றியே அறிந்தவர்கள் வகுத்த விதி இது. ஆயினும் பூங்காவுக்குள் அவர்களுக்கு இன்றளவும் சட்ட உரிமை இல்லை. வெளிநாட்டு மேலாண்மைக் கையேடுகள் எதிர்பார்க்கும் மக்கள் பங்கேற்பு என்பது இதுவேயாயினும், சட்டத்தின் கண்ணில் அது இன்னும் படவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது கப்பாபைக்கசு என்னும் அயல்நாட்டுப் பாசியின் கதை. மண்டபம் பகுதியில் 1990களில் சோதனைக்காகக் கொணரப்பட்ட இது, மிதவைகளில் வளர்க்கப்பட்டுப் பல குடும்பங்களுக்கு வருவாய் தந்தது. இப்பாசி தீவுப் பகுதிக்குப் பரவக்கூடும் என்ற அச்சத்தால், பாக்கு விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இதை வளர்க்கலாம் எனத் தமிழ்நாடு அரசு 2005இல் ஆணையிட்டது. குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களை இது மூடிப் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். 2023இல் இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

வலையும் கடற்புல்லும்

இராமேசுவரத்துக்கு வடக்கேயுள்ள பாக்கு விரிகுடா, மன்னார் வளைகுடாவோடு நீராலும் மீனாலும் இணைந்தது. விசைப்படகுகளின் இழுவலை கடல் தரையை உழுது செல்வதால் கடற்புல் வேரோடு பெயர்கிறது. இப்புல்வெளியே இறால், நண்டு ஆகியவற்றின் குஞ்சுகள் வளருமிடம். ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் உணவும் அதுவே.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகளைத் தடை செய்கிறது. பாக்கு விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற நாள் பங்கீடும் உண்டு. கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் 2001 முதல் 45 நாட்களாக இருந்து, 2017இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டில், 2,000 இழுவலைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாறியவை மிகச் சில. தூண்டில், செவுள்வலை கொண்டு பல நாள் கடலில் தங்கும் தொழில், மாலை சென்று காலை திரும்பும் மீனவருக்குப் பழக்கமற்றது. பங்குத்தொகையும் கடனும் பாரமாயின. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய கடற்பசுவை உயிருடன் விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறை பரிசு வழங்குகிறது.

எல்லைக்கோடு

1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இக்கடலை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பகிர்ந்தன. இலங்கை 2017இல் இழுவலை மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடை செய்தது. இந்தியப் பக்கத்தில் அது வரையறைகளுடன் தொடர்கிறது. கடல் அட்டையில் நிலைமை தலைகீழ். கடல் தரையின் மண்ணை விழுங்கித் தூய்மை செய்யும் இவ்வுயிரைப் பிடிப்பது இந்தியாவில் 2001 முதல் குற்றம். இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஆகவே இக்கரையில் பிடிபடும் அட்டை இரவில் அக்கரைக்குக் கடத்தப்பட்டு, அங்கு சட்டப்படியான சரக்காகி ஏற்றுமதியாகிறது.