வெள்ளைக் குறியை நம்பி வழி தவறினோம்!

59 வயதான குடும்பத் தலைவி நான். 2023-ம் வருடம் அக்டோபரில், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்ததை எழுதுகிறேன். பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு உதவும்.

"மலையேறப் போகலாமா அம்மா? இலையெல்லாம் சிவந்து பார்க்கவே அழகா இருக்கும்" என்றாள் மகள். பழனியும் திருப்பதியும் நடந்தே ஏறியவள் ஆச்சே, உடனே சரி என்றேன். பக்கத்து மாநிலமான நியூஹாம்ப்ஷயரில் உள்ள மொனாட்னாக் மலைக்குப் போவதாக முடிவாயிற்று. உயரம் 3,165 அடி.

முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், மகளும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து உட்கார்ந்து விட்டார்கள். பக்கத்தில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜி.பி.எஸ். கருவி. "கையில்தான் ஃபோன் இருக்கே, இது எதுக்குடி தண்டச் செலவு?" என்று கேட்டேன்.

"மலையில டவர் கிடைக்காதும்மா. மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சிருந்தா ஃபோனும் வழி காட்டும். ஆனா குளிர்ல சார்ஜ் சீக்கிரம் இறங்கிடும். இதுக்கு டவரும் வேண்டாம், மாசச் சந்தாவும் வேண்டாம். கடையில விக்கிற சாதாரண பேட்டரி ரெண்டு போட்டா போதும்" என்றாள். பூமிக்கு மேல் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால், நாம் நிற்கும் இடத்தை அது சொல்லி விடுமாம். 2000-ம் வருடம் மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை வைத்திருந்ததாம். அதை நீக்கிய பிறகுதான் இவ்வளவு துல்லியமாம்.

வரைபடத்தில் கோடுகள் வளையம் வளையமாக இருந்தன. ஒவ்வொரு கோடும் ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்ப்பது. கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சரிவு குறைவு. இதைப் புரிந்து கொள்ள எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்து, பாதையின் மேல் புள்ளி வைத்துக் கொண்டே போனாள். நம்ம புள்ளிக் கோலம் மாதிரிதான்! கருவி ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நேர்க்கோடுதான் போடும். வளைவில் புள்ளி வைக்காமல் விட்டால், கோடு பாறைக்கும் பள்ளத்துக்கும் குறுக்கே போய் விடும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும், பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் புள்ளி. கார் நிறுத்தும் இடத்துக்குத் தனிப் பெயரோடு ஒரு புள்ளி.

நேரக் கணக்கும் போட்டார்கள். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்காம். 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. எங்களுக்குப் போக வர சுமார் ஆறரை கிலோமீட்டர், ஏற்றம் 550 மீட்டர் போல. கணக்குப்படி இரண்டே கால் மணி. "அம்மா முட்டிக்கு இதை இரண்டால பெருக்கிடுங்க" என்றார் மாப்பிள்ளை. நாலரை மணி என்று வைத்துக் கொண்டோம்.

மறுநாள் மாப்பிள்ளைக்கு ஆபீஸ். நானும் மகளும்தான் போனோம். 'வெள்ளைப் புள்ளிப் பாதை' என்று அதற்குப் பெயர். பாறைகளில் வெள்ளைப் பெயிண்ட்டால் குறி வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்க வாங்க உச்சியை அடைந்தோம். கட்டி வந்த புளியோதரையைச் சாப்பிடும்போதே பனிமூட்டம் சூழ்ந்து விட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உச்சி முழுக்க வெறும் பாறை. பாதை என்று தனியாக எதுவும் இல்லை.

ஒரு பாறையில் வெள்ளைக் குறி தெரிந்தது. "இதோ, இப்படித்தான் வந்தோம்" என்று நான் விறுவிறுவென்று இறங்க ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் போயிருப்போம். கருவியைப் பார்த்த மகள் நின்று விட்டாள். "அம்மா, நம்ம கோட்டை விட்டு விலகிட்டோம்." எனக்குக் கோபம் வந்து விட்டது. "கண்ணுக்கு எதிர்ல வெள்ளைக் குறி இருக்கு, மிஷினை நம்புறியா, என்னை நம்புறியா?" என்று சத்தம் போட்டேன். அவள் பதில் பேசாமல் திரையை என்னிடம் நீட்டினாள். நேற்று போட்ட கோடு ஒரு பக்கம் இருக்க, எங்களைக் குறிக்கும் அம்புக்குறி வேறு பக்கம் விலகிக் கிடந்தது.

அந்த மலையிலிருந்து பல பாதைகள் இறங்குகின்றன. அதில் 'வெள்ளை அம்புப் பாதை'யும் ஒன்று. அதற்கும் வெள்ளைப் பெயிண்ட்தான்! நாங்கள் இறங்கியது அதில். அப்படியே போயிருந்தால் மலையின் வேறு பக்கத்தில், காருக்குச் சில மைல் தள்ளிப் போய் நின்றிருப்போம். அக்டோபரில் அங்கே மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கி விடும். திரும்ப உச்சிக்கு ஏறி, கோட்டைப் பிடித்துக் கொண்டு கீழே வந்தோம். காரில் உட்கார்ந்ததும், "நீ சொன்னதுதான் சரி கண்ணு" என்று அவள் கையைப் பிடித்துக் கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மாப்பிள்ளை ஒரு சம்பவம் சொன்னார். 2013-ம் வருடம் ஜூலையில், மெய்ன் மாநிலத்தில் 66 வயதான ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர், இயற்கை உபாதைக்காக மலைப்பாதையை விட்டுச் சற்று விலகியவர், திரும்ப வழி தெரியாமல் தவித்துப் போனார். கணவருக்கு அனுப்பிய செய்திகள் டவர் இல்லாமல் போய்ச் சேரவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்து நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். 2015 அக்டோபரில்தான் உடல் கிடைத்தது. பாதையிலிருந்து இரண்டு மைலுக்கும் குறைவான தூரம்தான்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் கற்றுக் கொண்டவை:

1. போகும் பாதையை முதல் நாளே வரைபடத்தில் போட்டு, கருவியில் ஏற்றி, சரியாக ஏறியிருக்கிறதா என்று திரையில் பார்த்து விடுங்கள்.

2. நடந்து வந்த தடத்தைக் கருவி தானே பதிவு செய்யும். காரை விட்டு இறங்கியதுமே அதை ஓட விடுங்கள். வழி தவறினால் வந்த தடத்திலேயே திரும்பலாம்.

3. மாற்று பேட்டரியும் காகித வரைபடமும் அவசியம். அடர்ந்த மரத்தடியிலும் பாறை இடுக்கிலும் கருவி கொஞ்சம் தப்பாகக் காட்டலாம்.

4. எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி விட்டுப் போங்கள்.

5. நம்ம ஊர்க் காடுகளில் கருவி இருக்கிறதே என்று தனியாகக் கிளம்ப வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் எத்தனை உயிர்கள் போயின! வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் முக்கியம்.

இப்போதெல்லாம் மகள் மலைக்குக் கிளம்பினால், "பத்திரமா போயிட்டு வா" என்பதோடு நான் நிறுத்துவதில்லை. "கோடு போட்டாச்சா? மாத்து பேட்டரி எடுத்துக்கிட்டியா?" என்றும் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள் சகோதரிகளே!

– ஒரு வாசகி, கும்பகோணம்.