பேச்சு போச்சு... பாட்டு போகலை!

ஆபீசில் மேனேஜர் கேட்கிறார்: ''அந்த ஃபைல் எங்கேப்பா?'' பதில் உங்களுக்குத் தெரியும். பீரோவில் இரண்டாவது தட்டு. ஆனால் வாயைத் திறந்தால் 'அது... அது...' என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. (மேனேஜரைப் பார்த்தாலே எனக்கு அப்படித்தான் என்கிறீர்களா? அது வேறு வியாதி!) மறுநாளும் அப்படியே, மறு வருஷமும் அப்படியே என்றால்?

பக்கவாதத்தில் மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்ட பலருக்கு இந்தக் கதிதான். 'அஃபேசியா' என்கிறார்கள் டாக்டர்கள். ஆளை அடையாளம் தெரியும், கணக்கு வழக்கு ஞாபகம் இருக்கும். சொல் மட்டும் தொண்டைக்கு வந்து சேராது.

சின்னசேலத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு இது வந்தது. மக்காச்சோள வியாபாரி. அவர் பேரம் பேச ஆரம்பித்தால் லாரிக்காரர் தானாகவே வாடகையைக் குறைத்துக்கொண்டு ஓடுவார். அப்படிப்பட்ட வாய்! வலது கை, காலோடு அதுவும் போனது. மிஞ்சியது 'அது' என்ற ஒரே சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் 'அது'. கோபம் வந்தால் அதே 'அது', கொஞ்சம் சத்தமாக.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டி.வி.யில் பழைய எம்.ஜி.ஆர். பாட்டு. பெரியப்பா கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். முனகல் இல்லை சார், பல்லவி முழுக்க, வார்த்தை வார்த்தையாக!

வீடே துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பெரியம்மாவுக்கோ முகம் சுருங்கிவிட்டது. ''பாட வருது... எங்கிட்ட ஒரு வார்த்தை பேச வரலையாக்கும்?''

கோழிப்பண்ணை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் தூபம் போட்டார்: ''கடன்காரங்களுக்குப் பயந்து நடிக்கிறாரோ என்னவோ!''

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. 'நான் நடிக்கவில்லை' என்று சொல்லக்கூட அவரிடம் வார்த்தை இல்லை.

1861-ல் பாரிஸ் டாக்டர் பால் ப்ரோக்காவிடம் வந்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓசை மட்டுமே வந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது, இடது பக்கத்தின் முன்பகுதி சிதைந்திருந்தது. பெரும்பாலோருக்குப் பேச்சின் தலைமை ஆபீஸ் இடது பக்கம்தான். பாட்டுக்கு வலது பக்கமும் கை கொடுக்கிறது. பல வருஷம் பாடிப் பழகிய வரிகள் தானாகவே ஓடி வரும். மெயின் ரோட்டில் மரம் விழுந்தால் பஸ் ஊருக்குள் புகுந்து போகிறதே, அந்த மாதிரி.

இந்தச் சந்து வழியைச் சிகிச்சையாக்கினார்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர். 1973-ல் வெளியிட்டார்கள். 'தண்ணி வேணும்' என்பதை இரண்டே ஸ்வரத்தில் இழுத்துப் பாட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் ஒரு தட்டு. முதலில் பயிற்சியாளரும் சேர்ந்து பாடுவார். பிறகு தன் குரலைக் குறைத்துக்கொள்வார். கடைசியில் மெட்டைக் கரைத்துப் பேச்சாக்குவார். 2011-ல் தலையில் குண்டடிபட்ட அமெரிக்க எம்.பி. கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் பேச்சை மீட்கவும் பாட்டு உதவியது.

சேலத்தில் நாங்கள் பார்த்த பேச்சுப் பயிற்சியாளர் பெரியம்மாவிடம் முதலில் சொன்னது: ''அம்மா, அவரு நடிக்கலை.'' அன்று பெரியம்மா அழுத அழுகை!

பாட்டோடு படமும் வந்தது. டம்ளர், ஃபேன், மாத்திரை என்று பேத்தி ஓர் அட்டையில் வரைந்து கொடுத்தாள். பெரியப்பா விரலால் தொட்டுக் காட்டுவார். ஒருநாள் பென்சிலை இடது கையில் வாங்கி அவரே வரைந்தார். ஒரு மூட்டை, ஒரு கோழி, கீழே இரண்டு கோடு. விரல் பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டியது. கோழிப்பண்ணைக்குப் போட்ட இரண்டு லோடு மக்காச்சோளத்துக்குப் பணம் பாக்கி! (அதன் பிறகு பக்கத்து வீட்டிலிருந்து தூபம் வருவதில்லை.)

பிறவியிலேயே பேச்சு வராத குழந்தைகளுக்கும் படம்தான் பெரிய துணை. சென்னையில் 1985-ல் தொடங்கிய 'வித்யாசாகர்' இதில் முன்னோடி. படத்தைத் தொட்டால் குரலாகப் பேசும் 'ஆவாஸ்' சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது.

ஒரு எச்சரிக்கை. 'இந்த ராகம் கேட்டால் இந்த வியாதி பறந்துவிடும்' என்று கேசட் காலத்திலிருந்தே விற்கிறார்கள். நம்பிப் பர்ஸைத் திறக்காதீர்கள். 9 நாடுகளில் 364 ஆட்டிஸக் குழந்தைகளுக்கு ஐந்து மாதம் இசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. முக்கிய அறிகுறிகளில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இசை குழந்தையோடு பழக ஒரு வாசல். மந்திரக்கோல் இல்லை. பெரியப்பாவுக்கும் ஒரு வருஷத்தில் வந்தது இருபது சின்ன வாக்கியங்கள்தான். அதில் ஒன்று பெரியம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால் கத்திப் பேசாதீர்கள், காது நன்றாகத்தான் கேட்கிறது. 'ஆமாம், இல்லை' என்று தலையாட்டும்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவரை வைத்துக்கொண்டே மற்றவரிடம் அவரைப் பற்றிப் பேசாதீர்கள். முக்கியமாக, காத்திருங்கள். ரயில்வே விசாரணைக் கவுன்ட்டரில் பதிலுக்காக நாம் நிற்கும் நேரத்தைவிட அது ரொம்பக் குறைவு!